அப்பா குடித்து இறந்துவிட்டார், தம்பிக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்குமா?

ஓவர்லாக் (கேள்வி):

வணக்கம்ங்க. எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம். அப்பா தறி ஓட்டினவர், போன கார்த்திகையில் கல்லீரல் கெட்டு இறந்துவிட்டார், வயது 47. காரணம் குடிதான், ஊருக்கே தெரியும், இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் பி.காம் இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன், ஒன்றரை ஷிப்ட். அம்மா தார் சுற்றப் போகிறார். தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான், 531 மதிப்பெண், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன். தங்கச்சி ஒன்பதாவது.

குடித்து இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஏதாவது உதவித்தொகை இருக்கிறதா என்று தேடினேன், அமெரிக்காவில் இருப்பதெல்லாம் வருகிறது, நம் ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு அறக்கட்டளை விண்ணப்பம் கிடைத்தது. அதில் "குடும்பச் சூழ்நிலை பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதவும்" என்று இருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டு இரண்டாகக் கிழித்துப்போட்டான். "குடிகாரன் மகன் என்று எழுதிக் கொடுத்துக் காசு வாங்கி நான் படிக்க மாட்டேன், தறிக்கே போகிறேன்" என்கிறான். ஆஸ்பத்திரியில் 19 நாளும் அப்பா பக்கத்தில் இருந்தது அவன்தான், எனக்கு லீவு கிடைக்கவில்லை. இன்றுவரை அழவில்லை. அப்பாவின் பட்டன் போனை தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறான், ரீசார்ஜ் கூடச் செய்கிறான், கேட்டால் பதில் இல்லை. கவுன்சிலிங் பதிவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மா_சொல்றேன்:

அரசுப் பள்ளி மாணவர் என்றால் பெற்றோர் இறந்ததற்கு 75,000 ரூபாய் தருவார்களே, பள்ளியிலேயே கேளுங்கள். அப்புறம் பிரகதி என்று ஒன்று இருக்கிறது, ஆண்டுக்கு 50,000.

ஸ்காலர்ஷிப்_செக்‌ஷன்:

மேலே சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் இரண்டும் தம்பிக்குப் பொருந்தாது. அந்த 75,000 சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக முடங்கினால், பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு. கல்லீரல் கெட்டு இறந்தது விபத்துக் கணக்கில் வராது. பிரகதி என்பது மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தருவது, தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு மட்டும். தங்கச்சி நாளைக்கு டிப்ளமோவோ இன்ஜினியரிங்கோ போனால் அப்போது நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அதே ஏஐசிடிஇ தருகிற ஸ்வநாத் என்ற உதவியில் பெற்றோர் இல்லாதவர்கள் வருவார்கள், ஆனால் இருவரையும் இழந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவராவது கொரோனாவில் இறந்திருக்க வேண்டும். அதிலும் தம்பி இல்லை.

நான் ஒரு கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன்மா. குடி என்கிற காரணத்துக்காக ஒரு பையனுக்குப் பணம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் தம்பிக்கு அந்தக் காரணமே தேவையில்லை, அதைத்தான் முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகச் சீட் எடுத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டுகிறது. அப்பா யார், எப்படி இறந்தார், குடும்ப வருமானம் எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளி கொடுக்கிற படிப்புச் சான்று போதும்.

இதில் ஒரே ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து ஏஜென்ட்கள் போன் அடிப்பார்கள், "கவுன்சிலிங் எதற்கு, அசல் சான்றிதழைக் கொடுங்கள், ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று. அப்படிப் போனால் அது நிர்வாக ஒதுக்கீடு. 7.5-ம் கிடையாது, முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. வருடா வருடம் இப்படி நாலு பேராவது என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள், அசல் சான்றிதழைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அசலை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

முதல் பட்டதாரிச் சான்றும் எடுத்து வையுங்கள். நீங்கள் பட்டம் முடிக்கவில்லை என்பதால் தம்பிக்குக் கிடைக்கும், ஒருவேளை 7.5-ல் பிடித்த கல்லூரி கிடைக்காமல் பொதுவில் எடுக்க வேண்டி வந்தால் அது கை கொடுக்கும். வருமானச் சான்றை இனி அம்மா பெயரில் எடுக்க வேண்டும். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவுக்கு ஆதரவற்ற விதவைச் சான்று. கடைசியாகச் சொன்னது கோட்டாட்சியர் வரை போகும், நேரம் எடுக்கும், ஆகவே அதை இன்றே போடுங்கள். அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம், மாதம் 1200, அதற்கும் இந்தத் தாள்கள்தான். அப்பா விசைத்தறி நலவாரியத்தில் பதிந்திருந்தாரா என்று வீட்டில் அட்டை தேடிப் பாருங்கள், இருந்தால் இயற்கை மரண உதவி என்று ஒன்று உண்டு. அப்பா பதியவில்லை என்றாலும் அம்மா தன் பெயரில் பதியலாம், உறுப்பினரின் பிள்ளைகளுக்கு அங்கேயும் கல்வி உதவி இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த பிறகு தமிழ்ப் புதல்வன், மாதம் 1000 ரூபாய், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். கல்லூரியே யுஎம்ஐஎஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்யும், தம்பி பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மட்டும் முன்கூட்டியே திறந்து வையுங்கள். தனியாரில் எச்டிஎஃப்சி வங்கியின் பரிவர்த்தன் உதவித்தொகையில் குடும்பம் நெருக்கடியில் சிக்கிய மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு, வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கல்லூரியில் சேர்ந்த பிறகு அதையும் பாருங்கள்.

நீங்கள் தம்பியைப் பற்றி மட்டும் கேட்டீர்கள், எனக்கு இதில் தங்கச்சிதான் கண்ணில் படுகிறாள். கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் விதவைத் தாயின் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 4000 ரூபாய். கிராமப்புறம் என்றால் வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள், மற்ற இடங்களுக்கு 96,000-க்குள். இது பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. தம்பிக்கு அவமானம்தான் தடை என்றால் இதைச் சொல்லுங்கள்: இறப்புச் சான்றிதழில் இறந்த காரணம் அச்சாகாது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே அதை வெளியிடக் கூடாது என்கிறது. அப்பா பெயர், தேதி, இடம், அவ்வளவுதான். தாசில்தார் ஆபீசிலோ கல்லூரியிலோ அவன் நீட்டப்போகிற எந்தத் தாளிலும் "குடி" என்ற சொல்லே இருக்காது.

அப்புறம் அந்தப் போன். சிம்மைக் கட் ஆக விடாதீர்கள். ரேஷன் கார்டிலும் இ-சேவையிலும் அப்பா நம்பர்தான் இருக்கும், ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். எண்ணை மாற்றும் வரைக்கும் அது உயிரோடு இருக்க வேண்டும்.

கோமுகி:

நான் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் எங்கள் ஊரில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள், கருணாபுரத்தில் தெருவுக்குத் தெரு பந்தல். அப்போது அரசு அறிவித்தது: குடும்பத்துக்கு 10 லட்சம், பிள்ளைகளின் படிப்புச் செலவும் விடுதிச் செலவும் அரசுடையது, பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு 5 லட்சம் வைப்புத்தொகை, 18 வயது வரை மாதம் 5000. கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவன் நான். ஆனால் ஒரே ராத்திரியில் கள்ளச் சாராயம் குடித்துச் செத்தால் பிள்ளைக்குப் படிப்பு, அரசே நடத்துகிற கடையில் இருபது வருடம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லையா? 2003-லிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில்தானே இருக்கிறது. அந்த வருமானத்தில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கச் சொல்லி ஒருவரும் வாய் திறப்பதில்லை. உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும், மன்னிக்கவும். உங்கள் தம்பி வாங்குவது யார் போட்ட பிச்சையும் இல்லை, அவன் அப்பா கட்டின வரி என்று வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள். என் பெரியப்பா மகனிடம் நான் அப்படித்தான் சொன்னேன், சிரித்துவிட்டான்.

ஓவர்லாக்:

எல்லோருக்கும் நன்றிங்க. செக்‌ஷன் சார், தங்கச்சிக்கு இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொன்னேன், 4000 என்றதும் நம்பவில்லை, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்கிறார்.

இறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி, காரணம் இல்லை. தம்பியிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டான். கவுன்சிலிங் பதிவு போடச் சம்மதித்துவிட்டான். ஆனால் லேப்டாப், பஸ், புத்தகம், சாப்பாடு என்று பார்த்தால் அந்த அறக்கட்டளைப் பணமும் வேண்டியிருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை நானே எழுதிக் கொடுத்துவிடட்டுமா? அவன் கையெழுத்து எனக்கு வரும்.

மூன்றாவது_பெஞ்ச்:

வேண்டாம் சகோதரி, நீங்கள் எழுதாதீர்கள். விண்ணப்பத்தோடு முடிந்துவிடாது, வீட்டுக்கு ஆள் வருவார்கள். 2006-ல் தொடங்கிய அகரம் போன்ற அமைப்புகளிலும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது அவன் எழுதாத ஒரு பக்கத்தைப் பற்றி அவனிடம் கேட்டால் முழிப்பான், அதை விடப் பெரிய அவமானம் வேறு இல்லை.

எனக்கும் இதே கதைதான். எங்கள் அப்பா லாரி ஓட்டினவர், நான் பதினொன்றாவது படிக்கும்போது போய்விட்டார். எனக்கு உதவின அறக்கட்டளையின் பெயர் வேண்டாம், சின்னது. நான் முதலில் எழுதின பக்கம் முழுக்க அப்பாதான். எப்படி அடிப்பார், எத்தனை நாள் வீட்டுக்கு வரவில்லை, எந்த நகையை விற்றார். எழுதி முடித்துப் படித்தால் எனக்கே வாந்தி வருகிற மாதிரி இருந்தது, அதோடு அது என்னைப் பற்றிய பக்கமே இல்லை. எங்கள் தமிழ் ஐயா படித்துவிட்டு, "இதில் நீ எங்கடா இருக்கிறாய்?" என்று கேட்டார். அப்புறம் மாற்றி எழுதினேன். "என் தந்தை உடல்நலம் கெட்டு இறந்தார், அதற்கு முன் பல ஆண்டுகள் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை", இந்த ஒரு வரிதான் அப்பாவுக்கு. மீதி எல்லாம் நான் காலையில் பால் ஊற்றப் போனது, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பியது, ராத்திரி பெட்டிக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டது, இன்னும் என்ன படிக்க ஆசை என்பது. பொய் ஒரு சொல் இல்லை. உங்கள் தம்பி 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே பிளஸ் டூ படித்து 531 எடுத்திருக்கிறான், அவன் அதை மட்டும் எழுதினால் போதாதா?

வீட்டுக்கு வந்தவர்கள் நேராகவே கேட்டார்கள், "அப்பா குடிப்பாரா தம்பி?" என்று. ஆமாம் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான் பல ராத்திரி தூங்காமல் பயந்துகொண்டிருந்த கேள்வி, ஐந்து நொடியில் முடிந்துபோனது. அவர்களுக்கு அது தினமும் கேட்கிற பதில்.

பணம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எனக்கு விடுதி, கட்டணம் எல்லாம் கிடைத்தது, முதல் செமஸ்டரில் நாலு அரியர். வகுப்பில் உட்கார்ந்திருப்பேன், ஒன்றும் ஏறாது. விடுதியில் பக்கத்து அறையில் யாராவது குடித்துவிட்டு வந்தால் அந்த வாடைக்கே கை நடுங்கும். ஒருவன் பிறந்தநாள் பார்ட்டியில் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன், எல்லோரும் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். அப்பா செத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது, அப்படி இருந்ததற்காக என் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது, இதை யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டாம் வருடத்தில்தான் ஒருவர் ஆல்-அனான் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கானது, 1951-ல் அமெரிக்காவில் தொடங்கியது, பதின்வயதினருக்கு ஆலட்டீன் என்று தனியாக உண்டு. குடித்தவர் இறந்துவிட்டிருந்தாலும் போகலாம், கட்டணம் கிடையாது, ஊர் பேர் கேட்பதில்லை. முதல் மூன்று கூட்டம் வாயே திறக்கவில்லை நான். நாலாவதில் என் அம்மா வயதுள்ள ஒருவர், தன் வீட்டுக்காரர் செத்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னார். அப்புறம்தான் எனக்குப் பேச்சு வந்தது.

உங்கள் தம்பி அழவில்லை என்பதற்காக வற்புறுத்தாதீர்கள். அந்தப் போனையும் பிடுங்காதீர்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, செத்துவிடலாம் போல் இருக்கிறது என்கிற மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் மட்டும் தாமதிக்காமல் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அவன் பேசாவிட்டால் அவனுக்காக நீங்கள் பேசலாம். உங்களுக்காகவும் பேசலாம், ஒன்றரை ஷிப்ட் ஓட்டிக்கொண்டு இதையெல்லாம் தூக்கிச் சுமக்கிறவர் நீங்கள்தானே.

பெயர்_வேண்டாம்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பா இறக்கவில்லை, இருக்கிறார், தினமும் குடிக்கிறார். நான் பி.எஸ்சி இரண்டாம் வருடம். புதுமைப் பெண் பணம் 1000 வந்தவுடன் ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார். வருமானச் சான்றுக்கு அவர் ஆதார் கேட்டால் காசு கொடு என்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டமே இல்லையே?

ஸ்காலர்ஷிப்_செக்‌ஷன்:

இல்லைதான்மா. இறந்தவருக்குச் சான்று இருக்கிறது, பிரிந்து போனவருக்கு இருக்கிறது, வீட்டிலேயே இருந்துகொண்டு ஒன்றுக்கும் இல்லாதவருக்குச் சான்று கிடையாது. 2025-ல் வந்த அன்புக்கரங்கள் திட்டம் கூட, மாதம் 2000, பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கும், ஒருவர் இறந்து மற்றவர் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிற பிள்ளைக்கும்தான். உன் வீட்டில் 18 வயதுக்குள் தம்பி தங்கை இருந்தால் ஒரு வழி உண்டு. வளர்க்கத் தகுதியில்லாத நிலையில் பெற்றோர் இருப்பதாகக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்தால் அந்தப் பிள்ளையைப் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையாகச் சட்டம் ஏற்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-ல் கேட்டுப் பார்.

கார்டு விஷயம் சுலபம். நாளைக்கே வேறு வங்கியிலோ தபால் நிலையத்திலோ உன் பெயரில் புதுக் கணக்குத் திற, உன் போன் எண்ணைக் கொடு, ஆதாரை அதில் இணைக்கச் சொல்லி எழுதிக் கொடு. அரசுப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். பழைய கார்டு அவரிடமே இருக்கட்டும். கல்லூரியில் புதுமைப் பெண் பொறுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வை. பாஸ்புக்கை வீட்டில் வைக்காதே.

அப்பாவுக்குச் சிகிச்சை என்று எப்போதாவது பேச்சு வந்தால் 14446, போதை மீட்புக்கான இலவச எண். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் பார்ப்பார்கள். சென்னையில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது, அங்கே குடிக்கிறவரோடு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். ஆனால் அவர் வருவாரா என்று பார்த்துக்கொண்டு உன் படிப்பை நிறுத்திவைக்காதே.

ஓவர்லாக்:

பெயர் வேண்டாம் தங்கச்சி, கணக்கை மட்டும் உடனே மாற்றிவிடு. எங்கள் அம்மா அந்தக் கார்டுக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து மூன்று பேருமாக இ-சேவை மையத்துக்குப் போனோம். அம்மாவுக்கு விதவைச் சான்று, வருமானச் சான்று, தம்பிக்கு முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் போட்டாயிற்று. தங்கச்சி விஷயமாகத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போகிறோம். அறக்கட்டளைக்கான அந்த ஒரு பக்கத்தைத் தம்பி இன்னும் எழுதவில்லை. மூன்றாவது பெஞ்ச் அண்ணா எழுதியதை தம்பிக்கு அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ஆனால் நேற்று ராத்திரி அந்தக் கிழித்த விண்ணப்பத்தை செலோடேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான், புதிதாக ஒன்று பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செக்‌ஷன் சார் சொன்ன மாதிரியே மையத்தில் ஓடிபி அப்பா போனுக்குத்தான் வந்தது. தம்பி சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தான். எண்ணை மாற்றிவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "இப்போதைக்கு இதுவே இருக்கட்டும்க்கா" என்றான்.